வாரத்துக்குப் பத்துப் படங்கள்

கணினி பழுதாகிவிட்டது என்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்குப் பழுது என்று ஒன்றும் இருக்காது. மூடியைக் கழற்றி, விசிறியில் அடைந்திருக்கும் தூசியைத் தட்டி, ரேம் என்கிற சின்ன அட்டையை எடுத்து ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினால் ஓடிவிடும். காரைக்காலில் கடல்காற்று அடிப்பதால் வருடத்துக்கு இரண்டு முறையாவது இது தேவைப்படும். இந்த வேலையை நான் எப்போதும் வந்தவர்களின் கண்முன்னாலேயே செய்வேன். உள்ளே கொண்டுபோய்ச் செய்தால் ஏதோ பெரிய வேலை மாதிரித் தெரியும். அது எனக்குப் பிடிக்காது.

மேடம், இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்தொன்பது வருடமாக இந்த ஊரில் கடை வைத்திருக்கிறேன். தியாகராசன் ஏமாற்றினான் என்று யாரும் சொல்லி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். நீங்கள் எழுதுகிற வாக்குமூலம் இங்கிருந்து தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

அஞ்சுகம் அம்மா என் கடைக்கு முதலில் வந்தது 2023 ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை பிற்பகல். தருமபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்தார். சிபியு பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். ஆட்டோக்காரர் இறக்கித் தருகிறேன் என்று கை நீட்டியும் கொடுக்கவில்லை. தானே தூக்கிவந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

“தம்பி, எங்கூடப் பொறந்தவன் நடராசன், விண்டோஸ் போடுறேன்னு மூணு தடவ போட்டான். மூணு தடவையும் பாதியில நின்னுபோச்சு. கடைசித் தடவ என்னமோ அழிக்கவான்னு கேட்டுச்சாம். இவன் ஆமான்னு அமுக்கிட்டான். இப்ப உள்ள ஒண்ணுமே இல்லங்கறான்.”

“அதுல என்னம்மா இருந்துச்சு?”

“எம்பொண்ணு கவியா படமெல்லாம் இருந்துச்சு. பிப்ரவரியில போயிட்டா தம்பி. மாடியில துணி காயப்போடப் போனவ, தவறி விழுந்துட்டா.” பெட்டியைச் சுற்றியிருந்த போர்வையை இழுத்துவிட்டார். “பொங்கலுக்கு வந்தப்ப போன்லேருந்து என்னமோ இதுல ஏத்திட்டுப் போனா. முக்கியமானது இருக்கும்மா, யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதன்னா. நாந்தான் ஓடமாட்டேங்குதேன்னு நடராசன்கிட்ட குடுத்துட்டேன்.”

நான் அவரை உட்காரச் சொன்னேன். பயப்படாதீர்கள் என்று சொன்னேன். அப்போது நான் சொன்னதெல்லாம் உண்மை.

இந்த வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்டு டிஸ்க்கில் ஒன்றை அழித்தால் அது அழிந்துவிடுவதில்லை. புத்தகத்தின் முன்பக்கத்தில் இருக்கும் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரிதான். பக்கங்கள் உள்ளே அப்படியே இருக்கும். அதன்மேல் புதிதாக எதையாவது எழுதினால்தான் போகும். அந்த டிஸ்க்கில் ஆங்காங்கே கெட்டுப்போன இடங்கள் இருந்தன. விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நடராசன் மூன்று முறை தோற்றது நல்லதாகப் போயிற்று. வேலை முடிந்திருந்தால் அதற்குமேல் இன்னும் என்னென்னவோ ஏற்றி, நிறைய அழித்திருப்பார்.

கெட்ட டிஸ்க்கில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. முதலில் அதைத் துளித்துளியாக ஒரு நல்ல டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில்தான் தேட வேண்டும். நகல் எடுக்க மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மூவாயிரத்து நூற்று நாற்பது படங்கள், எண்பத்தாறு வீடியோக்கள், பதினேழு குரல் பதிவுகள். ஏறக்குறைய எதுவும் போகவில்லை. இந்த ஊரில் வேறு யாரும் இதைச் செய்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் கோப்புகளின் பெயர்கள் போய்விட்டன. எண்கள்தான் இருந்தன. அப்படி வரும்போது ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அதனால் நான் எல்லாவற்றையும் பார்த்தேன், எல்லாவற்றையும் கேட்டேன். கவியாவை நான் உயிரோடு பார்த்ததில்லை. ஆனால் சிரிக்கும்போது மேலுதடு இடது பக்கமாக ஏறும் என்பது எனக்குத் தெரியும். அவர் அம்மாவுக்கே அது தெரியாமலிருந்தது. நான் சொல்லித்தான் கவனித்தார்.

அடுத்த புதன்கிழமை அவரை வரச் சொன்னேன். மொத்தத்தையும் ஒரு புது டிஸ்க்கில் போட்டுக் கொடுத்து அனுப்புவதாகத்தான் இருந்தேன். மாதிரிக்காகப் பதினான்கு படங்களைத் திரையில் எடுத்து வைத்திருந்தேன். அவர் முதல் படத்தைப் பார்த்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் கதை சொன்னார். இது பத்தாவது படிக்கும்போது, இது நெடுங்காட்டில் ஒரு கல்யாணத்தில், இந்தத் தாவணிக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. நான் டீ வாங்கி வரச் சொன்னேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்க மத்தியானம் சாப்டீங்களா தம்பி?” என்று கேட்டார்.

கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் பேசும்போது கணினியைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அது தவறில்லை. அவர்கள் வந்தது அதற்காகத்தான். அஞ்சுகம் அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். இல்லையென்று சொன்னேன்.

பிறகு அவர், “இவ்வளவுதானா தம்பி? மத்ததும் வருமா?” என்றார்.

“வரும்மா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வரும். வாரம் பத்து வந்தாலே பெருசு.”

இதைத்தான் நீங்கள் பொய் என்று குறித்துக்கொண்டீர்கள். நான் மறுக்கவில்லை. யோசித்துச் சொன்னதில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாயில் வந்தது. வந்த பிறகு அது சரியாகவும் இருந்தது. மூவாயிரம் படங்களை ஒரே நாளில் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தால் அந்த அம்மா என்ன ஆவார்? அவருக்கு ரத்தக்கொதிப்பு வேறு இருக்கிறது.

அவர் பால்வாடி ஆசிரியை. புதன்கிழமைகளில் மூன்று மணிக்கெல்லாம் பஸ் ஏறி வந்துவிடுவார். வரும்போது ஒரு டிபன் டப்பா இருக்கும். கருவாட்டுக் குழம்பு, இல்லையென்றால் புளிச்சோறு. நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் படத்தைப் போடச் சொல்வார். எந்த வாரம் எதைக் கொடுப்பது என்று நான் முந்தின நாளே எடுத்து வைத்துவிடுவேன். அதில் கவனமாக இருந்தேன். சோகமான படமாகப் பத்தும் இருந்துவிடக் கூடாது. பள்ளிக்கூடப் படம் நான்கு, வீட்டுப் படம் நான்கு, சிரிக்கிற மாதிரி இரண்டு. வீடியோ மாதம் ஒன்று.

நம்புவதற்காகச் சில படங்களை நானே கெடுத்துக் கொடுத்தேன். ஹார்டு டிஸ்க் கெட்டுப்போனால் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறப் பட்டையாக வரும். எல்லாமே முழுதாக வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கல்லூரி விழாப் படம் ஒன்றில் முகத்தைக் கண்ணோடு நிறுத்திவிட்டேன். அஞ்சுகம் அம்மா அந்தக் கண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். முழுப் படம் என்னிடம் இருந்தது. இப்போது உங்களிடம் இருக்கிறது.

ஒருமுறை அவர் மயிலாடுதுறையில் நடராசன் வீட்டுக்குப் போய் இரண்டு புதன்கிழமைகள் வரவில்லை. சொல்லாமல் போய்விட்டார். திரும்பி வந்த வாரம் மூன்று படங்கள்தான் கொடுத்தேன், மூன்றும் ஆடிப்போன படங்கள். “இந்த வாரம் மோசமா இருக்கும்மா. நடுவுல விட்டா இப்படித்தான்,” என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒரு புதன்கிழமையும் விடவில்லை. காய்ச்சலோடுகூட வந்திருக்கிறார்.

பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இக்பால் ஒருநாள் கேட்டார். “என்னாங்க தியாகு, அந்தம்மா வேல இன்னுமா முடியல? வருசம் ஒண்ணாவப் போவுது.”

“டிஸ்க்கு ரொம்ப அடி வாங்கியிருக்குங்க.”

“நீங்களா இருக்கப்போய்ப் பாக்குறீங்க. வேற ஒருத்தனா இருந்தா தூக்கிப் போட்ருப்பான். அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்வான்.”

அதை நான் மறுக்கவில்லை. இந்த வேலைக்காக அவரிடம் நான் எதுவும் வாங்கியதில்லை என்பதை இக்பாலிடமே நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

இனி பதினேழு குரல் பதிவுகளுக்கு வருகிறேன். நீங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள்.

அவற்றை நான் கேட்டது நான்காம் நாள், 2023 ஜூன் மாதம். பதினைந்து பதிவுகளில் கவியாவும் அவர் கணவர் செம்பியனும் பேசுகிறார்கள். கவியா போனை எங்கேயோ மறைத்து வைத்துப் பதிந்திருக்கிறார். செம்பியன் கோவில்பத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், மெதுவாகப் பேசுகிறவர். ஒரு பதிவிலும் அவர் குரல் உயரவில்லை. பதினோராவது பதிவில் காற்றுச் சத்தம் அதிகம். மொட்டை மாடி. அவர் சொல்கிறார்: “பயப்படுறியா? இப்ப நான் கைய விட்டா யாருக்குத் தெரியப்போவுது? துணி காயப்போடுறப்ப தவறிட்டான்னு நானே அழுவேன். எல்லாரும் எனக்குத்தான் ஆறுதல் சொல்லுவாங்க.” கவியா, “வேணாங்க, கீழ போயிடலாங்க, கெஞ்சிக் கேக்குறேன்,” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். பிறகு செம்பியன் சிரிக்கிறார். விளையாட்டுக்கு என்கிறார்.

மீதி இரண்டு பதிவுகளும் அம்மாவுக்கு. “அம்மா, இத ஒன் கம்ப்யூட்டர்ல போட்டு வைக்கிறேன். ஒனக்குப் போட்டுக் கேக்கத் தெரியாது. எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நடராசன் மாமாகிட்ட குடு. மாமாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்.”

மாமாவுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

நான் அந்தப் பதினேழையும் தனி ஃபோல்டரில் போட்டு, அதற்குப் ‘பழுது’ என்று பெயர் வைத்தேன். அன்றைக்கே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காவல் நிலையத்துக்குப் போயிருக்கும். நீங்கள் டிஸ்க்கைக் கைப்பற்றி, மூட்டை கட்டி, சீல் வைத்திருப்பீர்கள். வழக்கு முடியப் பத்து வருடம். அதுவரை அந்த அம்மாவுக்கு மகளின் ஒரு படம்கூடக் கிடைத்திருக்காது. இறந்தவர் இறந்துவிட்டார். இருப்பவருக்கு என்ன தேவை என்று பார்ப்பது தப்பா? தவிர, வாடிக்கையாளரின் குடும்ப விஷயத்தில் தலையிடுவது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை.

புதன்கிழமைகள் நின்றுபோயிருக்கும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு காரணம்தான், முதல் காரணம் இல்லை.

2024 ஜூலையில் செம்பியனே கடைக்கு வந்தார். சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, வணக்கம் சொல்லி, உட்காரலாமா என்று கேட்டுத்தான் உட்கார்ந்தார்.

“அத்த சொன்னாங்க. கவியா படமெல்லாம் ஒங்க கைராசியில கெடைக்குதாம். ரொம்ப நன்றிங்க.”

“ஏதோ முடிஞ்சத செய்றேங்க.”

“எல்லாமே வந்துருமா? படம், வீடியோ, வாய்ஸ் எல்லாம்?”

இத்தனை வருடத்தில் குரல் பதிவு வருமா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. படம் வருமா என்பார்கள், கணக்குப் பரீட்சைத் தாள் வருமா என்பார்கள்.

“வாய்ஸ் ஒண்ணும் வரலைங்க. அந்தப் பக்கம் சுத்தமாப் போயிடுச்சு,” என்றேன்.

ஊசி போட்டு முடித்த பிறகு பிள்ளைகளின் தோள் இறங்குமே, அந்த மாதிரி அவர் தோள் இறங்கியது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த மாதம் தன் கடையின் பில் போடும் கணினியைப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார். அவருக்கு உதவ வேண்டும் என்று நான் அதைச் சொல்லவில்லை. பதிவு இருப்பது தெரிந்தால் எப்படியாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். அஞ்சுகம் அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை அஞ்சுகம் அம்மா டப்பாவைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார்.

“ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் தம்பி. மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாத்துருக்காங்க. கொட்டுச்சேரிப் பொண்ணு, புனிதவதின்னு பேரு. அந்தப் பொண்ணோட அம்மா நேத்து என் வீட்டுக்கே வந்துட்டாங்க.”

“எதுக்கும்மா?”

“விசாரிக்கத்தான். ஒங்க பொண்ணக் கட்டுனவரு, எப்புடிப்பட்டவருன்னு ஒங்களத் தவிர யாருக்குங்க தெரியும்னு எங் கையப் புடிச்சுக்கிட்டுக் கேக்குறாங்க. நல்ல மாதிரிதான், கோவமா ஒரு வார்த்த பேசமாட்டாருன்னு சொல்லிட்டேன். நம்ம பொண்ணு போயிட்டா. அதுக்காக அவரு வாழாம இருக்க முடியுமா?” என் முகத்தைப் பார்த்தார். “ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. நான் சொன்னது சரிதானே தம்பி?”

அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தை தவறு என்று இப்போது நான் சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்?

“சரியாத்தாம்மா சொல்லியிருக்கீங்க. நல்ல மனசு ஒங்களுக்கு.”

அவர் பெருமூச்சு விட்டு டப்பாவைத் திறந்தார். அன்றைக்கு அவருக்காக ஒரு வீடியோ கொடுத்தேன். வெகுநாளாக எடுத்து வைத்திருந்தது. கவியா பள்ளி மேடையில் பரிசு வாங்கிவிட்டு, மாலையைக் கழற்றி, கீழே இறங்கி வந்து அம்மாவுக்குப் போடுகிற வீடியோ. அதை நான்கு முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

கல்யாணத்துக்குச் செம்பியன் எனக்கும் பத்திரிகை வைத்தார். போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. மேடையேறி வாழ்த்தினேன். புனிதவதி சின்னப் பெண், இருபத்து மூன்று இருக்கும். என்னை யாரென்று தெரியாமலேயே, “சாப்டுட்டுத்தான் போவணும்ண்ணே,” என்றது. சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது.

என் வீடும் கோவில்பத்தில்தான். கடைக்குப் போகும் வழியில் செம்பியன் வீட்டைத் தாண்டித்தான் வண்டி ஓட்ட வேண்டும். காலையில் சில நாள் புனிதவதி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும். பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். நன்றாகத்தான் இருக்கிறது, நாம் பயந்தது வீண் என்று நினைத்துக்கொள்வேன். தை மாதம் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. ஒற்றைக் கையால் உதறி உதறிப் போட்டது. கல்யாணமான புதிதில் சமையல்கட்டில் ஏதாவது படத்தான் செய்யும். பங்குனியில் என் வண்டியைப் பார்த்துவிட்டுக் கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து, ஏதோ சொல்லப்போவது மாதிரி நின்றது. எனக்கு அன்றைக்குக் கடை திறக்க நேரமாகியிருந்தது.

2025 ஏப்ரல் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை காலை, புனிதவதி அந்த மாடியிலிருந்து விழுந்து இறந்துபோனது. துணி காயப்போடும்போது தவறியதாகச் செம்பியன் சொன்னார். அழுதார் என்றும் கேள்விப்பட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பிற்பகல் அஞ்சுகம் அம்மா கடைக்கு வந்தார். புதன்கிழமை இல்லாமல் அவர் வந்தது அந்த ஒரு முறைதான். கையில் டப்பா இல்லை. உட்காரவும் இல்லை.

“தம்பி, அந்தப் பொண்ணும் போயிடுச்சு. அதே மாடியிலேருந்து.”

“கேள்விப்பட்டேம்மா.”

“ஒரு மாடியிலேருந்து ரெண்டு பேரு எப்புடிங்க தவறி விழுவாங்க?” “என் கையப் புடிச்சுக் கேட்டாங்களே அந்தம்மா. நான் வாயத் தொறந்து சொன்னேனே.” மேசைமேல் இருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “கவியா சின்னதுலேருந்தே போன்ல பேசிப் பேசி வச்சுக்கும். பொங்கலுக்கு ஏத்துனது அதுவா இருக்குமோ? பேச்சு ஏதாச்சும் இருக்கா தம்பி? நல்லா பாத்தீங்களா?”

“பாக்குறேம்மா. இன்னொருக்கா நல்லாப் பாக்குறேன்.”

“நான் போலீசுக்குப் போகப் போறேன். இந்தப் பெட்டிய அவங்ககிட்ட குடுக்கச் சொல்லுவேன். அவங்ககிட்ட பெரிய மிஷினெல்லாம் இருக்குமாமே.”

சரி என்றேன்.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அவருடைய பழைய டிஸ்க்கை எடுத்து, இனி யாராலும் எதையும் மீட்க முடியாதபடி முதல் துளியிலிருந்து கடைசித் துளிவரை பூஜ்யம் எழுதினேன். அதற்கு மாலை ஆகிவிட்டது. இதைச் செய்ய எந்த நிரலைப் பயன்படுத்தினேன் என்று கேட்டிருந்தீர்கள். தாளில் எழுதித் தந்திருக்கிறேன்.

ஏன் செய்தேன் என்றும் கேட்டீர்கள். உங்கள் ஆட்கள் அந்த டிஸ்க்கைத் திறந்தால் எனக்கு ஆன மாதிரியே நான்கு நாளில் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்புறம் அஞ்சுகம் அம்மாவுக்கு ஒரு கேள்வி வரும். நான்கு நாள் வேலைக்கு இவன் ஏன் இரண்டு வருடம் எடுத்தான் என்று. அந்த இரண்டு வருடமும் அவருக்குப் பொய்யாகிவிடும். மகள் போன பிறகு அவருக்கு என்று இருந்தது அது ஒன்றுதான். அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து நீங்கள் அவரோடு கடைக்கு வந்தீர்கள். நான் டிஸ்க்கைக் கவரில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். படங்கள் மட்டும்தான் வந்தன, இப்போது டிஸ்க் முழுவதுமாகச் செத்துவிட்டது என்றேன். உங்கள் சட்டையில் ரோஷன் பேகம் என்ற பெயரைப் படித்தேன். நீங்கள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டீர்கள், டீ குடித்தீர்கள். என்மேல் உங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

ஆய்வுக்கு அனுப்பிய இடத்தில் ஒருவர், செத்துப்போன டிஸ்க் இவ்வளவு சுத்தமாக இருக்காது, யாரோ உட்கார்ந்து துடைத்திருக்கிறார்கள் என்று சொன்னதாகச் சொன்னீர்கள். சரியான கவனிப்பு. அவசரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. கொஞ்சம் குப்பையை எழுதி விட்டிருக்க வேண்டும். மறுபடி நீங்கள் வந்தபோது இரண்டு காவலர்களோடு வந்தீர்கள். மேல்தட்டில் இருந்த நகல் டிஸ்க்கை நானே எடுத்துக் கொடுத்தேன். ‘பழுது’ ஃபோல்டரையும் நானேதான் காட்டினேன். ஒத்துழைத்தேன் என்று எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செம்பியனை நேற்றுக் காலை பிடித்துவிட்டீர்கள் என்று கேள்வி. நல்லது. புனிதவதி சாவில் என் பங்கு என்ன என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். அந்தப் பெண்ணை நான் தொடவில்லை. அந்த மாடிக்கு நான் போனதே இல்லை. செம்பியன் என்ன செய்யக்கூடியவர் என்று எனக்கு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன்பே தெரியும், அதே வார்த்தைகளில் தெரியும், கல்யாணத்துக்கு முன்பும் தெரியும், கட்டுப் போட்ட கையைப் பார்த்தபோதும் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவுதான் என் பங்கு.

நேற்று மதியம் குரலை அடையாளம் சொல்வதற்காக அஞ்சுகம் அம்மாவை இங்கே கூப்பிட்டிருந்தீர்கள். நான் அந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பதிவு கேட்டால் போதும் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் பதினேழையும் கேட்க வேண்டும் என்றார். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டார். முடிந்த பிறகு, “என் மகதான்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“புனிதவதி அம்மாகிட்ட நல்ல மாதிரின்னு சொல்லிட்டேன், சரிதானான்னு ஒங்ககிட்ட வந்து கேட்டேன்ல. அப்ப இது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“எப்பலேருந்து?”

“நாலாவது நாள்லேருந்து.”

அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. உங்களிடம், “நான் போலாமுங்களா?” என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நீங்கள் ஒரு பெண் காவலரைத் துணைக்கு அனுப்பினீர்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடிக்காமல் படியிறங்கித் தனியாகப் போனார்.

அவர் அழவில்லை. நீங்களும் கவனித்திருப்பீர்கள். ரத்தக்கொதிப்பு இருக்கிற, பெற்ற பெண்ணைப் பறிகொடுத்த ஒரு அம்மாவுக்கு இந்தத் தெம்பு தானாக வந்துவிடாது. எதையும் ஒரேயடியாகத் தலையில் போடாமல், இரண்டு வருடம் பொறுமையாக இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அவரை நான்தான் இதற்குத் தயார்படுத்தியிருக்கிறேன். மேடம், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.